மாஸ்டரின் இடது கால்

"என் புள்ளைக்கு எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குதுங்க்கா" என்றார் நாச்சிமுத்து.

பரிமளா அக்கா அரசாணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள், அத்தனை பேருக்கும் மத்தியானக் குழம்பு. மஞ்சள் பூசணி, ஆட்டுக்குட்டி கனம் இருந்தது.

"உக்காருங்க. இன்னொரு கத்தி கெடக்குது பாருங்க."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். கத்தியையும் எடுத்தார். ஆனால் நறுக்கவில்லை. மனுஷன் நறுக்குகிற நிலைமையில் இல்லை.

அவருக்கு வயது நாற்பத்தாறு. அக்காவுக்கு முப்பத்தைந்து. இருந்தால் என்ன, அந்தத் தோப்புக்குள் நுழைகிற எல்லோருக்கும் அவர் அக்காதான். அதனால் இவருக்கும் அக்கா.

உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் ஓடு வேய்ந்த மூன்று கூடங்கள். அதுதான் பள்ளிக்கூடம். பெயர்ப்பலகை கிடையாது, மணி கிடையாது, வகுப்பு கிடையாது. பிள்ளை எதைக் கேட்கிறதோ அதைத் தெரிந்தவர் கூட உட்காருவார். தெரிந்தவர் யாருமில்லை என்றால் எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். பிள்ளை எதையுமே கேட்கவில்லை என்றால் சும்மா விட்டுவிடுவார்கள். சோறு மட்டும் நேரத்துக்கு.

பெற்றோருக்கு ஒரே ஒரு நிபந்தனை. சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்கக் கூடாது.

நாச்சிமுத்து விதிக்குக் கட்டுப்பட்டவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் விதியை மதிக்காமல் இருக்க முடியுமா? இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தொண்டை வரைக்கும் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிடுவார்.

மகள் பெயர் சாரல். பன்னிரண்டு வயது. முன்பு ஊருக்குள் பெரிய பள்ளியில் படித்தவள். பரீட்சை என்றால் போதும், காலையில் எழுந்ததும் வாந்தி. டாக்டர் என்னென்னவோ பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் நாச்சிமுத்து அவளை இந்தத் தோப்புக்குக் கூட்டிவந்தார். வாந்தி நின்றது.

நின்றதும் நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில், யார் கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார். "புள்ளைகள அது பாட்டுக்கு உட்டறோணுங்க. அதுகளே கத்துக்கும். நாம குறுக்க போகாம இருந்தாப் போதும்." கேட்கிறவர் கையில் டீ ஆறிப்போகும்.

வெளியே இப்படிப் பேசிக்கொண்டு, உள்ளுக்குள்ளே பயந்து செத்துக்கொண்டிருந்தார். அதுதான் விஷயம்.

"எதுலயும் நிக்க மாட்டேங்குதுன்னா?" என்று கேட்டார் அக்கா.

"மைக்ராஸ்கோப் ஒண்ணு வாங்கி மேச மேல வெச்சேனுங்க. வேணும்னு வெச்ச மாதிரி இல்லீங்க, மறந்து வெச்ச மாதிரி. அன்னைக்கே எடுத்துட்டா. வெங்காயத் தோலு, எறும்புக் காலு, ஒண்ணு உடல. எனக்குக் காலு தரையில நிக்கலீங்க்கா."

"அப்பறம்?"

"ஒரு வாரம். அப்பறம் மூலைக்குப் போயிருச்சு."

"சரி."

"கீபோர்டு வெச்சேன். ஒரு வாரம். செஸ் போர்டு வெச்சேன். ஒரு வாரம். பறவைகளப் பத்தி ஒரு புத்தகம், கோயமுத்தூர் பூரா தேடி வாங்குனேன், சோபாவுல கெடக்கற மாதிரி வெச்சேன். அதும் ஒரு வாரந்தான்."

"கணக்கா ஒரு வாரமா?"

"கணக்கா ஒரு வாரமுங்க்கா. காலண்டர் பாத்து நிறுத்தற மாதிரி."

அக்காவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணும் தப்புப் பண்ணலீங்களே? என்ன படிச்சேன்னு கேக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க. வெக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

"சொல்லல."

"அதானுங்க."

"இதுக்கெல்லாம் நடுவுல அவ என்ன பண்றா?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. அதுதான வெசனமே! வீட்டுல ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கறா. இங்க வந்தா பின்னால வாய்க்கா மேட்டுல போயித் தனியா உக்காந்துக்கறான்னு சொல்றாங்க. ஆறு மாசமா இதே கதை. என் மச்சினன் பையன் அவ வயசுதான். அவன் என்னென்னவோ பரீட்சை எழுதி மெடல் மாட்டிட்டுச் சுத்தறான். ஒறம்பரை, சொந்தபந்தம்னு வீட்டுக்குப் போனா, உம்மவ எத்தனாவது படிக்கறான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது? வாய்க்கா மேட்டுல உக்காந்திருக்கறான்னா?"

அக்கா சிரித்துவிட்டார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"பழைய ஸ்கூல்லயே ஏழாவதுக்கு எடம் தர்றேன்னுட்டாங்க. இந்த ஃபாரத்தக் குடுத்தாப் போதும். இருவதாம் தேதி கடைசி."

"சாரல் என்ன சொன்னா?"

"அவளைக் கேக்காம இருப்பேனுங்களா? போறியா கண்ணுன்னு கேட்டேன். 'சரிப்பா'ன்னா. உடனே சொல்லிட்டா. சிரிச்சிட்டேதான் சொன்னா. நான் ஒரு வார்த்த வற்புறுத்தலீங்க. அவளா எடுத்த முடிவு." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஸ்கூல் கொள்கையும் அதானுங்களே."

அக்கா விதைகளை வழித்து ஒரு தட்டில் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

"பத்துங்க."

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுங்க."

நாச்சிமுத்து கத்தியைக் கீழே வைத்தார். நாம் என்ன கேட்கிறோம், இந்தம்மா என்ன சொல்கிறது?

ஆனால் அதிலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கு ஒரு பழைய ஓம்னி வேன் உண்டு. அரிசி, காய்கறி எடுத்துவர. ஓட்டிக்கொண்டிருந்தவர் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டு மாதமாக வேன் தென்னை மரத்தடியில் கிடக்கிறது. அக்கா எல்.எல்.ஆர். எடுத்து வைத்துவிட்டு, ஓட்டக் கற்றுத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்ல வருமா?" என்று கேட்டார் அக்கா.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! என்கிட்ட வந்து பத்து நாள்ல ஓட்டாதவங்கன்னு ஒருத்தருமே இல்லீங்க."

"அப்ப ஃபாரத்த அதுவரைக்கும் பையிலயே வெச்சிருங்க, மாஸ்டர்."

அன்றுவரை அவரை 'சாரல் அப்பா' என்றுதான் அக்கா கூப்பிடுவார். மாஸ்டர் என்றதும் நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துபோனது. அவ்வளவு பெரிய கவலைக்கு நடுவிலும் மலர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெள்ளை ஆல்ட்டோ வந்து நின்றது. முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு.

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம் மாஸ்டர் உட்காருவார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது.

"செருப்பக் கழட்டிட்டு ஓட்டலாமா மாஸ்டர்?"

"உங்க சவுகரியம். மொதல்ல கிளட்ச முழுசா மிதிங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்ப மெதுவா உடுங்க... மெதுவா... ஆங், அப்படித்தான்! பாத்தீங்களா!"

வண்டி குலுங்காமல், முனகாமல் கிளம்பியது. வாய்க்கால் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தது. ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

"இருவது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்டூடண்டப் பாத்ததில்லீங்க்கா" என்றார் நாச்சிமுத்து.

அதை அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு மனதாரச் சொன்னார்.

மூன்றாம் நாள் செகண்ட், தேர்டு. நான்காம் நாள் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார் அக்கா. வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் நழுவவில்லை. நாச்சிமுத்து தொடையில் தட்டிக்கொண்டார். "சபாஷ்! இதுக்கு மத்த ஸ்டூடண்டுக நாலு நாள் அழுவாங்க!"

அக்கா பக்கவாட்டில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரோட்டப் பாருங்க்கா, ரோட்டப் பாருங்க!"

ஆறாம் நாள் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. காற்றாலைகள் சுற்றுகிற நீளமான வெட்டவெளி ரோடு. எதிரே ஒரு வண்டி இல்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே."

"எதுக்கு மாஸ்டர்?"

"சாரல் விசயந்தானுங்க."

"இப்ப எத்தனாவது கியர்ல போறோம்?"

"மூணுங்க."

"நான் எப்ப மாத்துனேன்?"

"இப்பத்தானுங்க. அருமையா மாத்துனீங்க."

"அப்படியா?" என்றார் அக்கா.

அதற்குமேல் அன்றைக்குப் பேச்சில்லை. பதில் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது, அதனால்தான் பேச்சை மாற்றுகிறார் என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். பாவம், அவரும் என்ன செய்வார், பிள்ளை பெறாதவர் என்றுகூட நினைத்தார். நினைத்ததற்குத் தன்னையே கடிந்துகொள்ளவும் செய்தார்.

ஒன்பதாம் நாள் வாரச்சந்தை. தக்காளிக் கூடை, ஆட்டோ, கன்றுக்குட்டி, ஹாரன் அடித்தாலும் நகராத ஜனம். அக்கா உள்ளே நுழைந்து வெளியே வந்தார். யார் மேலும் உரசவில்லை. வண்டி ஒரு தடவை இருமக்கூட இல்லை.

நாச்சிமுத்து வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் இரண்டு டீ வாங்கிவந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒரு ஆசைங்க்கா. என் புள்ளையும் இப்படி எதையாச்சும் ஒண்ணப் புடிச்சு, முழுசாக் கத்துக்கிட்டு, என் கண்ணு முன்னால நின்னா எவ்வளவு நல்லாருக்கும்? அது ஒண்ணுதான் நான் கேக்கறது. வேறொண்ணும் கேக்கல."

அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"நாளைக்கு ஓம்னிய எடுக்கலாம் மாஸ்டர்."

*

பத்தாம் நாள். இருபதாம் தேதி. மதியம் மூன்று மணி.

அன்று சாயங்காலம் அப்படியே சாரலைக் கூட்டிக்கொண்டு போய் ஃபாரத்தைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. பெரிய பள்ளியில் ஐந்து மணி வரைக்கும் வாங்குவார்கள்.

அக்கா வேன் ஓட்டப்போகிறார் என்ற சேதி தோப்பு முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் வரிசையாகத் தேங்காய் மட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து, கச்சேரிக்கு முன் வித்துவானின் தகப்பன் நிற்கிற மாதிரி நின்று, பிறகு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

அக்கா சாவியைத் திருப்பினார். கிளட்ச். ஃபர்ஸ்ட் கியர். விட்டார்.

டக்கென்று ஒரு குலுக்கல். ஆஃப்.

"ஒண்ணு!" என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

"பழைய வண்டி, அதானுங்க. மறுபடி எடுங்க."

ஆஃப்.

"ரெண்டு!"

"கிளட்ச மெதுவா உடுங்க்கா. நேத்து மாதிரி."

ஆஃப். மூணு. ஆஃப். நாலு. ஐந்தாவது தடவை வேன் தவளை மாதிரி நாலு குதி குதித்துத் தென்னைக்குக் கட்டிய பாத்தியில் முட்டி நின்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சிரித்துச் சிரித்து ஒன்றிரண்டு பேர் கீழே உருண்டார்கள். ஒன்பது வரைக்கும் எண்ணினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னங்க்கா ஆச்சு உங்களுக்கு? நேத்து சந்தைக்குள்ள அப்படி ஓட்டுனீங்களே!"

அக்கா ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தார்.

"நேத்து யாரு மாஸ்டர் ஓட்டுனது?"

நாச்சிமுத்து கீழே பார்த்தார். அவர் காலடியில் பெடல் இல்லை, வெறும் தகரம்.

"அது வந்துங்க்கா..." குரல் இறங்கிவிட்டது. "எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதானுங்க. வண்டி ஆஃப் ஆச்சுன்னா கத்துக்க வர்றவங்க பயந்துருவாங்க. மனசு உட்டுப் போயிரும். அதனால நம்ம காலு லேசா... கியர்ல நம்ம கையும் லேசா... அவங்க நல்லதுக்குத்தானுங்க. அவங்களுக்கே தெரியாம."

"தெரியாமயா?"

"தெரியாதுங்க. இருவது வருஷத்துல ஒருத்தரும் கண்டுபுடிச்சதில்லீங்க."

"எனக்கு மொத நாளே தெரிஞ்சுது."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கத்துக் கிளட்சையும் கம்பியில சேத்துக் கட்டியிருக்குல்ல? நீங்க அங்க மிதிச்சா, இங்க என் காலுக்கடியில பெடல் தானா உள்ள போகுது மாஸ்டர். வெறுங்காலு. தெரியாமப் போகுமா?"

"அப்பறம் ஏனுங்க்கா சொல்லல? பத்து நாளா ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

நாச்சிமுத்து தன் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவரிடம் கற்றுக்கொண்ட பேங்க் அதிகாரி ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். லைசென்ஸ் வாங்கி, புதுக் கார் வாங்கி, நாலு வருஷமாக உறை போட்டு மூடியே வைத்திருக்கிறார். தெருவில் பார்த்தால், "என்னமோ மாஸ்டர், நீங்க பக்கத்துல இருந்தாத்தான் வருது" என்பார். அதை இத்தனை நாளும் பாராட்டு என்று நினைத்திருந்தார் நாச்சிமுத்து.

அப்புறம் வேறொன்றும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒரு வாரம்" என்றார், தனக்குத்தானே.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிக்குங்க மாஸ்டர். நான் ஓட்டிப் பாக்கறேன்."

"தனியாவாங்க்கா? முட்டிரும்."

"முட்டட்டும். தோப்புக்குள்ளதான."

நாச்சிமுத்து இறங்கி நின்றார். பிள்ளைகளை அந்தப் பக்கம் ஓரமாக உட்காரச் சொன்னார். அது ஒன்றைத்தான் செய்தார்.

ஆஃப். பத்து. ஆஃப். பதினொன்று. பன்னிரண்டாவது தடவை வேன் கிளம்பியது. குதித்தது, முனகியது, நின்றுவிடும் போலிருந்தது, நிற்கவில்லை. நொண்டி நொண்டித் தோப்பு வாசல் வரைக்கும் போய்விட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய இடது கால் மண்ணை அழுத்தி அழுத்தி ஒரு குழியே பறித்திருந்தது.

*

"ஃபாரம் குடுக்கப் போலாமாப்பா?"

சாரல் பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஆல்ட்டோவின் முன் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். வண்டி கிளம்பியது.

"அங்க நீச்சல் குளம் கட்டியிருக்காங்களாம்ப்பா. லைப்ரரி ரெண்டு மாடியாம். யூனிஃபார்ம்கூட மாத்திட்டாங்களாம், இப்ப பச்சையாம். சூப்பரா இருக்கும்ல?"

நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் காது பூராவும் அவள் குரலில்தான் இருந்தது. இந்தக் குரலை அவருக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பின் முதல் நாள் குரல். கீபோர்டின் முதல் நாள் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் ஆறு மாதமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய பள்ளியின் கேட் வந்தது. மூடியிருந்தது. நாச்சிமுத்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கத் தோதாகச் சாரல் பெல்ட்டைக் கழற்றினாள்.

"சாரலு."

"ம்?"

"அந்த மைக்ராஸ்கோப்பு மேச மேல எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கை கதவில் இருந்தது. அப்படியே நின்றது.

"தெரியும்ப்பா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அதோட அட்டப்பெட்டி அம்மா பீரோவுல இருந்துச்சு."

"கீபோர்டு?"

"தெரியும்."

"பறவப் புத்தகம்?"

"அது கடைப் பைக்குள்ளயே இருந்துச்சேப்பா." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பையோடதான சோபாவுல வெச்சிருந்தீங்க."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பறம் ஏங்கண்ணு எடுத்தே?"

சாரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சமையக்கட்டுல நின்னுட்டு எட்டி எட்டிப் பாத்தீங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு." பிறகு, "ஒரு வாரம் எடுத்தா ஒரு மாசம் நல்லா இருப்பீங்க. அம்மாகூடச் சண்ட புடிக்க மாட்டீங்க."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னை ஆறு மாதமாகத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தாங்கமாட்டாமல் துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த ஸ்கூலுக்குச் சரின்னு சொன்னியே. அதும்..."

"ம்."

வாட்ச்மேன் கூண்டை விட்டு வெளியே வந்து கேட்டைத் திறக்க ஆரம்பித்தார். பெரிய கேட். மெதுவாகத் திறந்தது.

"அப்ப உனக்கு நெசமாவே புடிச்சதுன்னு ஒண்ணுமே இல்லியா சாமி?"

இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அந்தப் பதிலைத் தாங்க மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"இருக்கு" என்றாள் சாரல்.

"இருக்குதா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"தீபாவளிக்கு அப்பறம் இருந்து."

ஆறு மாதம். அதே ஆறு மாதம். பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை என்று இவர் புரண்டு புரண்டு படுத்த ஆறு மாதம்.

"ஆறு மாசமா ஒண்ணையேவா பண்ணிட்டிருக்கறே?"

"தெனமும்ப்பா." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. அதை நாச்சிமுத்து இதுவரை பார்த்ததே இல்லை. மைக்ராஸ்கோப்புக்கு வரவில்லை, கீபோர்டுக்கு வரவில்லை.

"அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லையே கண்ணு."

"சொன்னா நாளைக்கே அதையும் வாங்கிட்டு வந்து மேச மேல வெச்சிருவீங்க."

கேட் முழுசாகத் திறந்துவிட்டது. வாட்ச்மேன் கையை ஆட்டினார். "வாங்க சார், உள்ள வாங்க. அஞ்சு மணிக்குச் சாத்திருவேன்."

அது என்ன என்று கேட்க நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

சாரல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டப் போட்டுக்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் ரிவர்ஸ் கியர் போட்டார்.